தவளை போன கூடத்தில் எதை வைப்பது? உடலியங்கியல் துறை ஒன்றின் முன் நிற்கும் மூன்று வழிகள்

பழைய மருத்துவக் கல்லூரிகளின் உடலியங்கியல் துறைகளில் பெரும்பாலும் ஒரு கூடம் பூட்டியே கிடக்கிறது. நீண்ட கல் மேடைகள், மேடைக்கு ஒரு தொட்டியும் குழாயும், சுவரோரத்து அலமாரியில் தசையின் அசைவைக் கோடாகப் பதியும், துணி போர்த்திய கைமோகிராஃப் உருளைகள், இழுப்பறையில் துருப்பிடித்த ஊசிகளும் கத்தரிகளும். தவளைச் செய்முறைகள் நடந்த இடம் அது. 2019-இல் நடைமுறைக்கு வந்த திறன் சார்ந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், தவளையின் நரம்பு, தசை, இதயச் சோதனைகளை மாணவர் கணினி உதவியுடன் கவனித்தால் போதும் என்று வரையறுத்துவிட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே பல கல்லூரிகள் தவளை வாங்குவதை நிறுத்தியிருந்தன. எங்கள் துறையிலும் அப்படித்தான்.

அந்தக் கூடத்தைப் புதுப்பிக்க ஒருமுறை மானியம் ஒன்று கிடைத்து, அதில் என்ன செய்யலாம் என்று ஆலோசிக்கத் துறைக்குள் ஒரு குழு அமைந்தபோது, மூன்று யோசனைகள் மேசைக்கு வந்தன. கூடம் முழுவதையும், சோதனைகளைத் திரையில் நடத்திப் பார்க்கும் கணினிப் பாவனை அறையாக மாற்றுவது ஒன்று. மாணவர்கள் தங்கள் உடலிலிருந்தே இ.சி.ஜி., நரம்புக் கடத்தல், தசைச் சோர்வு, மூச்சு அளவு முதலியவற்றைப் பதிவு செய்யும் மேடைகளாக ஆக்குவது இன்னொன்று. ஆசிரியர்களும் முதுநிலை மாணவர்களும் பயன்படுத்தும் ஆய்வுக்கூடமாக்கி, இளநிலை மாணவர்களை வாரம் ஒருமுறை பார்வையாளர்களாக அழைப்பது மூன்றாவது. 150 மாணவர்கள், ஒரே ஒரு கூடம், திரும்ப வராத ஒரு தொகை. இவற்றுக்குள் முடிவெடுக்க வேண்டும். இதே நிலையில் இருக்கும் மற்றத் துறைகளுக்கும் உதவும் என்பதால், அந்தக் குழுவில் நான் முன்வைத்த ஒப்பீட்டைச் சற்று விரித்து எழுதுகிறேன். நான் இரண்டாவது வழியின் பக்கம் நிற்பவன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒப்பிடுவதற்கு முன், நாம் இழந்தது எது என்பதில் தெளிவு வேண்டும். தவளைச் செய்முறையில் மாணவர் கற்றது தவளையைப் பற்றி அல்ல. மண்ணெண்ணெய்ப் புகையில் பளபளப்பான தாளைக் கருக்கி உருளையில் சுற்றுவோம். கெண்டைக்கால் தசையின் நுனியில் கட்டிய நூல் ஒரு நெம்புகோலை இழுக்கும். நெம்புகோலின் முனை கரியைச் சுரண்டி ஒரு வெள்ளைக் கோடு எழுதும். அதன் கீழே, விநாடிக்கு 100 முறை அதிரும் இசைக்கவை இன்னொரு அலைக்கோட்டை எழுதும். நரம்பைத் தூண்டிய புள்ளியிலிருந்து தசை சுருங்கத் தொடங்கிய புள்ளி வரை எத்தனை அலைகள் என்று மாணவர் விரல் வைத்து எண்ணுவார். பாடநூலில் தாமதம் 0.01 விநாடி, சுருக்கம் 0.04, தளர்வு 0.05 என்று இருக்கும். மாணவருக்கு வந்தது ஒன்றரை அலையாக இருக்கும், அல்லது இரண்டாக இருக்கும். நெம்புகோல் உருளையை அழுத்தியதா, தசையை ஈரமாக வைக்கும் ரிங்கர் உப்புக் கரைசல் காய்ந்து தசை வறண்டதா, நூல் தொய்ந்ததா என்று தேடத் தொடங்குவார். அந்தத் தேடல்தான் செய்முறை வகுப்பு. நூலில் உள்ள எண்ணுக்கும் தன் கையில் வந்த எண்ணுக்கும் இடையிலான தூரத்தை ஒரு முதலாண்டு மாணவர் நேருக்கு நேர் பார்த்த இடம் அது ஒன்றுதான். பிற்காலத்தில் ஆய்வகத்திலிருந்து வரும் ஒரு பொட்டாசியம் அளவை நம்புவதா, மறுபடி எடுக்கச் சொல்வதா என்று மருத்துவராக அவர் தயங்கும் தருணத்துக்கான முதல் பயிற்சியும் அதுவே.

தவளை திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960 முதல் இருக்கிறது. வயல்களில் பூச்சிகளைத் தின்னும் தவளைகள் குறைந்துவருவது கண்டு 1987-இல் தவளைக்கால் ஏற்றுமதியையே இந்தியா நிறுத்தியது. ஏற்கெனவே நூறு முறை நிறுவப்பட்ட ஒன்றை மறுபடி நிறுவிக் காட்ட ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான உயிர்களின் மூளையிலும் தண்டுவடத்திலும் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தோம் என்பதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது. அந்த வேலையைச் செய்ய மறுத்துக் கண்ணீருடன் வெளியேறிய மாணவியை நாங்கள் அன்று நடத்திய விதமும் சரியன்று. ஆகவே கேள்வி தவளையா வேறொன்றா என்பதல்ல. தவளை சுமந்து வந்த அந்தப் பயிற்சியை இனி எது சுமக்கும் என்பதே கேள்வி.

கணினிப் பாவனைக்குச் சாதகமாகச் சொல்ல நிறைய உண்டு, அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 50 பேர் கொண்ட ஒரு பிரிவு ஒரே நேரத்தில் அமரலாம். மின்சாரம் இருந்தால் எந்த நாளும் நடத்தலாம். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்தில்லை, நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவையில்லை, ஓர் ஆசிரியரே சமாளிக்கலாம். பாடத்திட்டத்தின் குறைந்தபட்சத் தேவையும் நிறைவேறிவிடும். மனித உடலில் ஒருபோதும் செய்து பார்க்கக்கூடாத சோதனைகளுக்கு இதைத் தவிர வேறு வழியே இல்லை. இதயத்தின் மீது அதை மெதுவாக்கும் அசிட்டைல்கோலின் விட்டால் என்ன ஆகும், அதைத் தடுக்கும் அட்ரோபின் கொடுத்த பிறகு விட்டால் என்ன ஆகும், வெளியே உள்ள சோடியத்தைப் பாதியாக்கினால் நரம்பில் ஓடும் மின் துடிப்பான செயல் மின்னழுத்தத்தின் உயரம் எப்படிக் குறையும் என்பனவற்றை மாணவர் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்க்க முடிகிறது.

நரம்புச் சவ்வின் மின்னியலைப் பொறுத்தவரை பாவனையைக் குறைத்து மதிப்பிடுவது பெரும் தவறாகும். ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் கணவாயின் பருத்த நரம்பிழையில் அளந்த மின்னோட்டங்களைச் சமன்பாடுகளாக்கி 1952-இல் வெளியிட்டார்கள். அந்தச் சமன்பாடுகளிலிருந்து செயல் மின்னழுத்தம் உண்மையிலேயே பிறக்கிறதா என்று பார்க்க, கேம்பிரிட்ஜின் கணினி அப்போது பயன்பாட்டில் இல்லாததால், ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணிப்பானை வைத்து வாரக்கணக்கில் கணக்கிட்டார். அதுவும் ஒரு பாவனைதான். இன்று அதே சமன்பாட்டை ஒரு மாணவர் மடிக்கணினியில் நொடியில் ஓட்டுகிறார். சோடியம் வாயிலின் வேகத்தைச் சற்றுக் குறைத்துவிட்டு நரம்பு மௌனமாவதைப் பார்க்கிறார். எந்தக் கல் மேடையாலும் தர முடியாத அனுபவம் அது.

ஆனால் கல்லூரிகள் வாங்கும் மென்பொருள் பெரும்பாலும் அத்தகையது அல்ல. எப்போதோ எடுத்து வைத்த ஒரு வரைபடத்தைப் பொத்தானை அழுத்தியதும் திரையில் ஓடவிடும் அசைபடங்களே அதிகம். அதில் 150 பேருக்கும் தாமதம் 0.01 விநாடிதான். எல்லோருடைய பதிவேட்டிலும் ஒரே வளைவு, ஒரே எண், ஒரே முடிவுரை. தவறு நேர வழியே இல்லாத இடத்தில் தேடுவதற்கு எதுவும் இல்லை. இந்த இடத்தில் எனக்கு எப்போதும் சிட்னி ரிங்கர்தான் நினைவுக்கு வருகிறார். 1880-களின் தொடக்கத்தில் லண்டனில் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்தார். சோடியம் குளோரைடு மட்டும் போதும் என்றே முதலில் எழுதினார். பிறகு பார்த்தால் கரைசல் வடிநீரில் அல்ல, குழாய்த் தண்ணீரில் கலக்கப்பட்டிருந்தது. வடிநீரில் கலந்து மறுபடி செய்தபோது இதயம் சோர்ந்து நின்றது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் துடிப்பைக் காத்தது என்பதை அவர் 1883-இல் வெளியிட்டார். இதயத் தசைச் சுருக்கத்துக்குக் கால்சியம் தேவை என்ற அறிவு ஒரு கலவைப் பிழையிலிருந்து வந்தது. நாம் வாங்கும் மென்பொருளில் குழாய்த் தண்ணீர் என்று ஒரு பொத்தான் கிடையாது. உள்ளே வைத்தது மட்டுமே அதிலிருந்து வெளியே வரும்.

நடைமுறைச் சிக்கல் ஒன்றும் உண்டு. நான் முன்பு பணியாற்றிய ஒரு கல்லூரியில் பாவனை மென்பொருளுடன் டாங்கிள் என்னும் சிறு சாவி ஒன்று தந்திருந்தார்கள். அதைச் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். கணினிகளைப் புதுப்பித்த ஆண்டில் அந்தச் சாவி புதிய இயங்குதளத்தில் வேலை செய்யவில்லை. விற்றவர்கள் புதிய பதிப்பை வாங்கச் சொன்னார்கள். நிர்வாகத்தில் அதற்குச் செலவுத் தலைப்பு இல்லை. இரண்டு ஆண்டுகள் 'கணினி உதவியுடன் கற்றல்' என்பது ஓர் ஆசிரியர் திரையில் படம் காட்டி மாணவர்கள் அதைப் பதிவேட்டில் வரைவதாகவே இருந்தது. கணினி அறையின் செலவு ஒருமுறையோடு முடிகிறது என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

மனித உடலில் பதிவு செய்யும் மேடைகளுக்கு வருகிறேன். நான்கு அலைவரிசைப் பதிவுக் கருவி ஒன்று, அதனுடன் மின்தூண்டி, மின்வாய்கள், மூச்சளவி, விரல் நாடி உணரி, பிடிவலிமை அளவி என்று ஒரு மேடைக்கான தொகுப்பு பல இலட்சம் ரூபாய் ஆகும். இதைக் கேட்டதும் கூட்டத்தில் பலர் பின்வாங்கினார்கள். எல்லாச் சோதனைக்கும் அந்தக் கருவி வேண்டியதில்லை என்பதே என் முதல் பதில். இத்தாலியின் டூரின் நகரில் ஆஞ்செலோ மோஸோ வடிவமைத்த எர்கோகிராஃப், பழைய துறைகளின் அலமாரியில் இன்றும் இருக்கிறது. இல்லாவிட்டாலும், ஆய்வகக் கருவிகளுக்குப் பெயர்பெற்ற ஹரியானாவின் அம்பாலாவில் செய்கிறார்கள். நடுவிரலால் ஓர் எடையைத் தாள லயத்தில் இழுத்துக்கொண்டே இருந்தால் இழுப்பின் உயரம் சரிந்து சரிந்து நின்றுவிடும். அந்த வளைவை வைத்து, எடையை மொத்த உயரத்தால் பெருக்கி வேலையைக் கணக்கிடலாம். மேற்கையில் இரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டுச் செய்தால் வளைவு எவ்வளவு விரைவில் சரிகிறது என்று பார்க்கலாம். நண்பர்கள் உற்சாகப்படுத்தும்போது, விரல் ஓய்ந்துவிட்டதாக நினைத்தவர் மேலும் பத்து இழுப்பு இழுப்பதையும் பார்க்கலாம். சோர்வு எங்கே தொடங்குகிறது, தசையிலா நரம்பு மண்டலத்திலா என்ற கேள்வியை இதைவிட மலிவாக எழுப்பும் கருவியை நான் அறியேன்.

பாடத்திட்டத்தின் வினைச்சொற்களையும் கவனிக்க வேண்டும். தவளைச் சோதனைக்கு அது 'கவனிக்க' என்கிறது. எர்கோகிராஃபிக்கோ 'செய்ய' என்கிறது. இ.சி.ஜி.யைப் பதிவு செய்து பொருள் சொல்லவும், ஓய்விலும் உடற்பயிற்சியிலும் வெவ்வேறு நிலைகளிலும் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் எடுக்கவும் எதிர்பார்க்கிறது. மாணவரின் கை வேலை செய்ய வேண்டிய இடமெல்லாம் மனித உடலில்தான் இருக்கிறது. பணத்தின் பெரும்பகுதியைக் கவனிக்கும் பகுதியில் கொட்டிவிட்டுச் செய்யும் பகுதியை மூன்று இரத்த அழுத்தமானிகளோடு நடத்துவது முறையாகாது.

விலையுயர்ந்த கருவியை நியாயப்படுத்தும் சோதனை எது என்றால், நான் நரம்புக் கடத்தலைச் சொல்வேன். நரம்பின் வேகத்தை அளக்கவே முடியாது என்று ஜெர்மானிய உடலியங்கியலாளர் யோஹான்னஸ் ம்யூல்லர் நம்பினார். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-இல் தவளையின் நரம்பில் அதை அளந்து, விநாடிக்கு 30 மீட்டரை ஒட்டிய ஒரு சாதாரண வேகம்தான் என்று காட்டினார். பிறகு மனிதர்களிடமும் அளக்க முயன்றார். தவளையிலிருந்து மனிதனுக்கு மாறும் பாதை நாம் புதிதாகப் போட்டதல்ல. எங்கள் முன்னோட்ட வகுப்பில் ஒரு மாணவர் கையை நீட்டினார். சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கைத் தசையின் மேல் மின்வாய்களை ஒட்டி, மணிக்கட்டில் அந்தத் தசைக்குச் செல்லும் அல்னார் நரம்பைத் தூண்டினோம், 2.8 மில்லி விநாடியில் தசை பதில் சொன்னது. முழங்கைக்கு மேலே தூண்டியபோது 7.6. இரண்டு இடங்களுக்கும் இடையே நாடாவால் அளந்த தூரம் 24 செ.மீ. 240 மில்லிமீட்டரை 4.8 மில்லி விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 50 மீட்டர். அடுத்தவருக்கு 58 வந்தது. மூன்றாமவருக்கு 44. குழுவில் ஒரு நொடி அமைதி. 'சார், எனக்கு நரம்பில் ஏதாவது கோளாறா?' என்று அவர் கேட்டார். அவர் கையைத் தொட்டுப் பார்த்தேன். ஏ.சி.யின் காற்று நேராக விழும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர், கை சில்லிட்டிருந்தது. வெந்நீரில் நனைத்த துணியால் பத்து நிமிடம் சுற்றி வைத்து மறுபடி எடுத்ததும் 53 ஆனது. வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தால் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் குறையும் என்று நான் விரிவுரையில் பல முறை சொல்லியிருக்கிறேன்; அந்த வகுப்பில் இருந்த பத்துப் பேரும் இனி அதை மறக்கமாட்டார்கள். குழாய்த் தண்ணீர் செய்த வேலையை அங்கே குளிர்காற்று செய்தது.

நம் விருப்பத்துக்கு அப்பால் இதயம் முதலியவற்றை இயக்கும் தன்னியக்க நரம்புகளின் சோதனைகளும் இதே வகை. ஐந்து விநாடி மூச்சை இழுத்து ஐந்து விநாடி விட்டு, நிமிடத்துக்கு ஆறு மூச்சாக ஒருவர் மூச்சுவிடும்போது இதயத் துடிப்பு ஏறி இறங்குவதை இ.சி.ஜி.யில் பார்க்கலாம்; இளைஞர்களிடம் அந்த வேறுபாடு பொதுவாக நிமிடத்துக்கு 15 துடிப்புக்கு மேல் இருக்கும். படுத்திருந்தவர் எழுந்து நின்றதும் 15-ஆவது துடிப்பை ஒட்டி இதயம் விரைந்து, 30-ஆவது துடிப்பை ஒட்டி மெதுவாகும். எடின்பரோவில் யூவிங் முதலானோர் நீரிழிவு நோயாளிகளுக்காக ஒழுங்குபடுத்திய இந்தச் சோதனைகளுக்கு ஒரு இ.சி.ஜி.யும் ஒரு கட்டிலும் போதும். முதலாண்டில் தன் இதயத்தில், துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடியைப் பார்த்த மாணவர், மூன்றாண்டு கழித்து மருத்துவப் பிரிவில் நீண்டநாள் நீரிழிவு நோயாளி ஒருவரிடம் அந்த ஏற்ற இறக்கம் மறைந்து கிடப்பதைப் பார்க்கும்போது, இரண்டையும் தாமே இணைத்துக்கொள்வார்.

இந்த வழியின் சிரமங்களையும் மறைக்கக் கூடாது. மிகப் பெரிய செலவு கருவி அல்ல, ஆசிரியரின் நேரம். ஐந்து மேடைகள் இருந்தால் ஐந்திலும் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். மின்வாய் எங்கே ஒட்டுவது என்று தெரியாத முதல் வாரங்களில் இது தவிர்க்க முடியாதது. ஆசிரியர் பணியிடங்கள் காலியாக இருக்கும் துறை இதைத் தொடங்கினால் கருவிகள் மூன்றாம் மாதமே உறைக்குள் போய்விடும். மின்வாய்களும் கம்பிகளும் தேயும், அறுபடும்; அவற்றுக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும். தூண்டியின் மின்சுற்று மனித உடலுக்கு ஏற்றபடி தனிமைப்படுத்தப்பட்டதா என்பதை வாங்கும் முன்பே உறுதி செய்ய வேண்டும். பழைய தவளைத் தூண்டியை மனிதர் மேல் வைப்பது எந்த நிலையிலும் கூடாது.

அதைவிட நுட்பமானது ஒப்புதல். அக மதிப்பெண் போடும் ஆசிரியர் 'யார் கையை நீட்டுகிறீர்கள்?' என்று கேட்கும்போது மாணவரால் உண்மையில் மறுக்க முடியுமா? முடியும்படி நாம்தான் அமைக்க வேண்டும். சோதனைக்கு உட்படுபவர் யார் என்பதைக் குழுவே தனக்குள் தீர்மானிக்கட்டும். மறுப்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பதிவு செய்பவர், கணக்கிடுபவர், உடன்பட்டவர் ஆகிய எல்லோருக்கும் ஒரே மதிப்பெண். இ.சி.ஜி.க்கு மார்பு மின்வாய்களைத் தவிர்த்துக் கைகால் மின்வாய்கள் மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டால் மாணவியரின் தயக்கம் பெருமளவு நீங்கும், முழு இ.சி.ஜி. எடுக்கத் திரையிட்ட தனியிடமும் பெண் ஆசிரியரும் வேண்டும். இன்னொன்று, 150 இளைஞர்களை அளந்தால் சிலரிடம் ஏதாவது தென்படத்தான் செய்யும். முன்னோட்ட வகுப்பில் ஒரு மாணவருக்கு மூன்று முறை எடுத்தும் இரத்த அழுத்தம் 150-க்குக் கீழே இறங்கவில்லை. நண்பர்கள் சூழ நின்ற இடத்தில் அந்த எண் கரும்பலகைக்குப் போயிருந்தால் அது பெரும் தவறாகியிருக்கும். தனியே அழைத்துப் பேசி, மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினோம். எண்களைப் பெயரின்றி எழுதுவது, அசாதாரணமாக எதைக் கண்டாலும் யாரிடம் அனுப்புவது என்பவற்றை எழுத்தில் வைத்துக்கொள்ளாமல் கூடத்தைத் திறக்கக் கூடாது.

ஆய்வுக்கூட யோசனையை முன்வைத்தவர்கள் துறையின் மூத்தவர்கள். அவர்கள் காரணமின்றிச் சொல்லவில்லை. பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும், எம்.டி. மாணவர்களுக்கு ஆய்வேடு வேண்டும். ஆய்வு இல்லாத துறை மெல்ல மெல்லப் பாடநூலை ஒப்பிக்கும் துறையாகிவிடுகிறது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர்கள் மனத்தில் இருந்தது எலிகளுக்கான விலங்குக்கூடம். அதற்கு மத்திய அரசின் விலங்குச் சோதனை மேற்பார்வைக் குழுவில் பதிவு, நிறுவன விலங்கு நெறிமுறைக் குழு, கால்நடை மருத்துவர், சீரான வெப்பம், பன்னிரண்டு மணி நேர வெளிச்சமும் பன்னிரண்டு மணி நேர இருட்டும், விடுமுறை நாளிலும் தீனி வைக்க ஓர் ஆள் எல்லாம் வேண்டும். ஒருமுறை மானியத்தில் கூண்டு வாங்கலாம். அந்த ஆளின் சம்பளத்தை வாங்க முடியாது. தொடர் நிதியும் நிலையான ஆய்வுக்குழுவும் உள்ள பெரிய நிறுவனங்களுக்கு அது பொருந்தும். எங்களைப் போன்ற துறைக்கு அது மூன்றாண்டில் இன்னொரு பூட்டிய கூடமாகும் என்றே அஞ்சுகிறேன். மாணவர்கள் வாரம் ஒருமுறை கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பது கற்பித்தலும் ஆகாது.

இதே ஆய்வுத் தேவை இரண்டாவது வழியால் பெரும்பாலும் நிறைவேறும் என்பதை அவர்களில் இருவர் பிறகு ஏற்றுக்கொண்டார்கள். மாணவர் மேடையில் உள்ள அதே பதிவுக் கருவியால், மாலையில் நீரிழிவுப் புறநோயாளிகளின் தன்னியக்கச் செயல்பாட்டையும், தூக்கமின்றி இரவுப்பணி பார்க்கும் செவிலியரின் இதயத் துடிப்பு மாறுபாட்டையும், யோகப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் மூச்சின் அளவுகளையும் ஆராயலாம். எம்.டி. ஆய்வேட்டுக்கு இவை தாராளமாகப் போதும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் (ஐ.சி.எம்.ஆர்.) 1979 முதல் நடத்திவரும் குறுங்கால மாணவர் ஆய்வுத் திட்டத்தில் இளநிலை மாணவர் ஒருவர் இரண்டு மாதத்தில் முடிக்கக்கூடிய ஆய்வுகளும் இந்த அளவில்தான் இருக்கின்றன. முதலாண்டில் மின்வாய் ஒட்டப் பழகியவர் இரண்டாமாண்டில் அந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது, கருவியைக் கற்றுக்கொள்ளவே முதல் மாதத்தைச் செலவிட வேண்டியதில்லை.

இங்கே ஓர் எல்லைக்கோட்டை அழுத்தமாகப் போட வேண்டும். வகுப்பில் சேர்ந்த 150 மாணவர்களின் எண்களைத் திரட்டிச் சராசரியும் பரவலும் கணக்கிட வைப்பது அருமையான கற்பித்தல். அதே எண்களை ஆண்டிறுதியில் கட்டுரையாக்கி அனுப்புவது, முன்கூட்டியே மனித நெறிமுறைக் குழுவின் அனுமதியும் தனி ஒப்புதலும் இல்லாவிட்டால், முறைகேடு. ஆய்வுக்கு ஆள் சேர்க்க வகுப்பறையைப் பயன்படுத்தும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆகவே ஆய்வுக்கான பதிவுகள் வகுப்பு நேரத்துக்கு வெளியே, மதிப்பெண் போடாத ஒருவரின் பொறுப்பில் நடக்கட்டும் என்று குழுவில் எழுதி வாங்கினேன்.

கடைசியில் நாங்கள் தீர்மானித்தது இதுதான். மானியத்தில் பெரும்பங்கு ஐந்து மேடைகளுக்குப் போகும்; ஆனால் தொடக்க ஆண்டில் முழுக் கருவித்தொகுப்பு இரண்டு மேடைகளுக்கு மட்டும். மற்ற மூன்றில் எர்கோகிராஃப், மூச்சளவைப் பதியும் ஸ்பைரோமெட்ரி, உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் நாடி, இரத்த அழுத்தம் என்பன நடக்கும். பிரிவுக்கு 50 பேர், மேடைக்குப் பத்துப் பேர், ஐந்து வாரச் சுழற்சி. ஆசிரியர்கள் இரண்டு மேடைகளில் தேர்ந்த பிறகே அடுத்த தொகுப்புக்கு ஆணை கொடுக்கப்படும். தொகையில் ஒரு பகுதியை மின்வாய், கம்பி, பசை, மூச்சுக்குழல் வாய்முனைகள் ஆகியவற்றுக்கென ஐந்தாண்டுக்குத் தனியே நிறுத்தி வைக்கிறோம். இதற்குத்தான் நிதிப்பிரிவில் அதிகம் வாதாட வேண்டியிருந்தது. கணினிப் பாவனைக்குப் புதிய அறை இல்லை. நூலகத்தில் ஏற்கெனவே உள்ள கணினிகளில், விலை கொடுக்க வேண்டாத நரம்புச் சவ்வு மாதிரிகளையும், பாடத்திட்டம் கேட்கும் தவளைச் சோதனைகளின் பாவனையையும் போட்டுவிட்டு, செய்முறைக்கு முந்தைய வாரத்தில் மாணவர் ஒரு மணி நேரம் அவற்றைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று வைத்திருக்கிறோம். திரையில் பார்த்த வளைவோடு மேடைக்கு வருபவர், தன் கையில் வேறொன்று வரும்போதுதான் கேள்வி கேட்கிறார்.

கல் மேடைகளை இடித்துவிட்டு ஓடு பதிக்கலாம் என்று ஒப்பந்தக்காரர் சொன்னார். மேடைகளும் தொட்டிகளும் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டோம். குளிர்நீரில் கையை ஒரு நிமிடம் அமிழ்த்தி இரத்த அழுத்தம் ஏறுவதைப் பார்க்கும் சோதனைக்குப் பனிக்கட்டி வாளியும் அதைக் கொட்டத் தொட்டியும் வேண்டும்.